பெரிய வீட்டிலிருந்து சின்னக் கிராமத்து வீட்டுக்கு: அளப்பது முதல் குடியேறுவது வரை முழு வழிகாட்டி

வீட்டைச் சுருக்கிக்கொண்டு போக முடிவு செய்தவர்கள் பெரும்பாலும் முதலில் பழைய வீட்டின் பரணில் ஏறுகிறார்கள். ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, "இது வேணுமா, வேண்டாமா?" என்று கேட்டுக்கொண்டே மூன்று மாதம் ஓடிவிடும். லாரி வாசலில் வந்து நிற்கும்போதும் பாதி வீடு அப்படியே கிடக்கும். அந்தக் கேள்விக்கு முடிவு கிடையாது, எந்தப் பொருளை எடுத்தாலும் அதற்கு ஒரு நியாயம் இருக்கும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: இது புது வீட்டில் எந்தச் சுவரோரம் நிற்கும்? இடத்தைக் கைகாட்ட முடிந்தால் வரும், முடியாவிட்டால் வராது. அதனால் வேலை புது வீட்டில்தான் தொடங்குகிறது.

மொத்தத்துக்கு ஆறு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் பார்க்கவும் அளக்கவும், அடுத்த மூன்று மாதம் ஒழிக்க, ஐந்தாம் மாதம் விற்கவும் கொடுக்கவும், ஆறாம் மாதம் கட்ட. அவகாசம் குறைவு என்றால் ஒழிக்கிற வேலையை நெருக்கலாம். புது வீட்டைப் பார்க்கிற வேலையை மட்டும் நெருக்காதீர்கள்.

1. சம்மதம் சொல்லும் முன் வீட்டைப் பாருங்கள்

நகரத்து வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், கழிவறையில் ஊற்றினால் போய்விடும். கிராமத்துத் தனி வீட்டில் பல சமயம் இரண்டுக்கும் நீங்களே பொறுப்பு. ஓட்டுக் கூரையும் பூந்தோட்டமும் கண்ணை நிறைப்பதற்குள் இந்த இரண்டையும் பார்த்துவிடுவது நல்லது.

கிணறோ போர்வெல்லோ இருந்தால் தண்ணீரைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புங்கள். கழிவு கலந்திருக்கலாம் என்று காட்டும் கோலிஃபார்ம் பாக்டீரியா, நைட்ரேட் இரண்டும் கட்டாயம். இரும்பும் கடினத்தன்மையும் தெரிந்தால் வாஷிங் மெஷினும் வாட்டர் ஹீட்டரும் எப்படித் தாங்கும் என்று கணிக்கலாம். நைட்ரேட் வயல் உரத்திலிருந்தும் கழிவுத் தொட்டியிலிருந்தும் இறங்குவது. கொதிக்க வைத்தால் அது போகாது. தண்ணீர் ஆவியாவதால் இருப்பதன் செறிவு கூடத்தான் செய்யும். குடியேறிய பிறகும் வருடம் ஒருமுறை, வெள்ளம் வந்து போனால் உடனே, மறுபடி பரிசோதிக்க வேண்டும். கோடையின் கடைசி வாரங்களில் தண்ணீர் மட்டம் எங்கே நிற்கும் என்பதை விற்கிறவரிடம் கேட்பதைவிடப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

மோட்டார் ஓட மின்சாரம் வேண்டும். மின்சாரம் போனால் கழிவறையில் ஊற்றக்கூடத் தண்ணீர் இருக்காது. மேலே தொட்டி வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். 1,000 லிட்டர் தண்ணீரின் எடை ஒரு டன். பழைய கூரை அதைத் தாங்குமா என்று கட்டுமானம் தெரிந்தவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் ஏற்ற வேண்டும். தாங்காது என்றால் தரையிலேயே மேடை கட்டிச் சின்னத் தொட்டியாக வைப்பதே போதும்.

செப்டிக் டேங்க் விஷயத்தில் நான்கு கேள்விகள்: எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது, கடைசியாக எப்போது அள்ளினார்கள், வெளியேறும் நீர் எங்கே இறங்குகிறது. பொதுவாக 3 முதல் 5 வருடத்துக்கு ஒருமுறை அள்ள வேண்டும். "பத்து வருஷமா தொட்டதே இல்லை, ஒரு தொல்லையும் இல்லை" என்று பெருமையாகச் சொன்னால், அந்தச் செலவு உங்கள் தலையில் விழப்போகிறது என்று அர்த்தம். நிலத்தில் ஓரிடத்தில் மட்டும் புல் அசாதாரணப் பச்சையாகச் செழித்திருப்பது, அந்த இடம் காலில் சதசதப்பது, தண்ணீர் ஊற்றும்போது குழாய்கள் களகளவென்று சத்தமிடுவது, இவையெல்லாம் தொட்டியோ உறிஞ்சுகுழியோ அடைத்துக்கொண்டதன் அடையாளம். கிணற்றுக்கும் தொட்டிக்கும் இடையே குறைந்தது 15 மீட்டர் என்பது பல இடங்களில் சொல்லப்படும் அளவு. மண்ணின் தன்மையைப் பொறுத்து இன்னும் கூடலாம். தொட்டி மூடியின் மேல் வண்டி ஏறக்கூடாது. சாமான் லாரி பின்னால் எடுக்கும்போது சக்கரம் மூடியில் இறங்கி, முதல் நாளே தொட்டி உடைந்த கதைகள் உண்டு. மூடி இருக்கும் இடத்தில் நான்கு குச்சி நட்டுக் கயிறு கட்டிவிடுங்கள்.

அடுத்தது ஈரம். பழைய வீட்டின் வெளிச்சுவர்களில் தரையிலிருந்து இடுப்பளவு வரை கையை வைத்துப் பாருங்கள். புதிதாகப் பூசிய பட்டை அந்த உயரத்தில் மட்டும் இருந்தால் உள்ளே என்ன மறைக்கப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளியே விட்டு வாழ்கிறது. அதன்மேல் சிமெண்ட் பூச்சோ பிளாஸ்டிக் பெயிண்டோ அடித்தால் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டுச் செங்கல்லை அரிக்கும். சின்ன வீட்டில் இது இரட்டைத் தொல்லை. பெரும்பாலான சுவர்கள் வெளிச்சுவர்கள், எல்லாச் சுவர்களின் ஓரமும் ஏதோ ஒரு சாமான் நிற்கும். மலிவான ஈரப்பதமானி ஒன்றை வாங்கி, கதவு ஜன்னல் மூடிய அறையில் ஓரிரவு விட்டுப் பார்க்க அனுமதி கேளுங்கள். 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நிம்மதி. அதற்கு மேலேயே நின்றால் புத்தகமும் துணியும் மரமும் பூசணம் பிடிக்கும்.

மின்சாரத்துக்குக் கணக்கு எளிது. ஒரே நேரத்தில் ஓடக்கூடிய சாமான்களின் வாட்டைக் கூட்டி வோல்ட்டால் வகுத்தால் ஆம்ப். 2,000 வாட் வாட்டர் ஹீட்டர், 1,500 வாட் கெட்டில், 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி, மூன்றும் சேர்ந்து 230 வோல்ட்டில் ஏறக்குறைய 20 ஆம்ப். இணைப்பின் அளவு அதற்கு இடம் தருகிறதா, வயரிங் எந்த வருடத்தது, எர்த் இருக்கிறதா என்று உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வாசலுக்கு வரும் பாதை உங்களுடையதா, இன்னொருவர் நிலத்தின் வழியாகவா? பிறர் நிலம் என்றால் பாதை உரிமை எழுத்தில் இருக்க வேண்டும். கைபேசி சிக்னலை முற்றத்தில் பார்க்காமல் படுக்கையறையில், கதவைச் சாத்திக்கொண்டு பாருங்கள். தடித்த கல் சுவர் சிக்னலை விழுங்கும். மருத்துவமனைக்கு இரவில் எத்தனை நிமிடம் என்பதை ஓட்டிப் பாருங்கள்.

அதோடு, யாரும் பேச விரும்பாத ஒன்று: வண்டி ஓட்ட முடியாமல் போகும் நாளில் இந்த வீட்டில் எப்படி இருப்பீர்கள்? படுக்கவும் குளிக்கவும் தரைத்தளத்திலேயே இடம் இருக்கிறதா? இப்போது இல்லாவிட்டாலும் பின்னால் அமைக்க ஓரிடமாவது இருக்க வேண்டும். இல்லாத வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் பத்து வருடத்துக்கான வீடு மட்டுமே.

முடிந்தால் அதே பகுதியில் ஒரு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள். அதுவும் மோசமான பருவத்தில். நல்ல பருவத்தில் எல்லாக் கிராமமும் அழகுதான்.

2. புது வீட்டை அளந்து தாளில் இறக்குங்கள்

5 மீட்டர் நாடா, கிராஃப் தாள், பென்சில் போதும். 1:20 அளவில் வரையுங்கள்: தரையில் ஒரு மீட்டர், தாளில் 5 செ.மீ. நான்கு மீட்டர் அறை 20 செ.மீ. ஆகும். சுவர் நீளத்தோடு நிறுத்திவிடாதீர்கள். ஜன்னல் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் தொடங்குகிறது, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, சுவிட்சுகளும் பிளக்குகளும் எங்கே, கூரை எங்கே தாழ்கிறது, எல்லாம் அதில் வர வேண்டும். பழைய வீடுகளில் மூலைகள் 90 பாகையில் இருக்காது, ஆகவே அறையின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து குறியுங்கள்.

பிறகு கொண்டுபோக நினைக்கும் ஒவ்வொரு பெரிய சாமானையும் அதே அளவில் அட்டையில் வெட்டி, தாளின் மேல் நகர்த்திப் பாருங்கள். நடக்கிற வழிக்கு 75 செ.மீ., நடைக்கருவியோ சக்கர நாற்காலியோ தேவைப்படலாம் என்றால் 90. கட்டிலின் பக்கத்தில் 60. அலமாரிக் கதவைத் திறந்து முன்னால் நிற்க 90. நாற்காலியைப் பின்னால் இழுத்து எழ, மேசை விளிம்பிலிருந்து சுவர் வரை 90. இந்த இடைவெளிகளை விட்ட பிறகு மிஞ்சுவதுதான் உங்கள் வீடு. 15 சதுர மீட்டர் அறை என்று மனசில் இருந்தது தாளில் ஒரு கட்டில், ஒரு அலமாரி, ஒரு நாற்காலியோடு முடிந்துவிடும். இந்த அதிர்ச்சி லாரி வந்த அன்று வருவதைவிடத் தாளில் வருவது மேல்.

உள்ளே நிற்குமா என்பதோடு உள்ளே வருமா என்பதையும் பார்க்க வேண்டும். வாசலின் உண்மையான அகலம் என்பது கதவை முழுக்கத் திறந்து வைத்து, கதவுப் பலகையிலிருந்து எதிர்ச் சட்டம் வரை உள்ள தூரம். சட்டத்துக்குச் சட்டம் 80 செ.மீ. என்றால் இதில் 75தான் மிஞ்சும்.

சோபாவுக்கு ஒரு அளவு முக்கியம். பக்கவாட்டில் நின்று, முதுகின் உச்சியிலிருந்து கைப்பிடியின் முன்முனைவரை ஒரு நேரான கம்பைச் சாய்த்து வையுங்கள். சோபாவின் பின்பக்கக் கீழ் மூலையிலிருந்து அந்தக் கம்புக்குச் செங்குத்தாக உள்ள தூரத்தை அளங்கள். அது வாசலின் அகலத்தைவிடக் குறைவாக இருந்தால் சாய்த்து நுழைத்துவிடலாம். அதிகமாக இருந்தால், சோபாவின் உயரமோ ஆழமோ நேராகவே வாசலுக்குள் அடங்கினால் ஒழிய, கால்களைக் கழற்றிப் பார்ப்பது ஒன்றே வழி.

அலமாரியில் ஏமாறுவது வேறு விதம். 200 செ.மீ. உயரம், 60 செ.மீ. ஆழம் உள்ள அலமாரியைப் படுக்க வைத்து உள்ளே கொண்டுவந்து நிமிர்த்தும்போது அது மூலைவிட்டத்தில் சுழலும். அந்த மூலைவிட்டம் 209 செ.மீ. கூரை 205 என்றால் அலமாரி நிற்க இடம் இருக்கிறது, நிமிர இடம் இல்லை. கழற்றிப் பூட்டும் வகை என்றால் பிழைத்தீர்கள். பசையிட்டு ஆணியடித்தது என்றால் பழைய வீட்டிலேயே விட்டுவிட வேண்டியதுதான். குறுகிய வளைவுப் படியில் மெத்தை மடங்கி ஏறிவிடும், கட்டிலின் சட்டம் ஏறாது. மாடி ஜன்னலைக் கழற்றி ஏற்ற முடியுமா என்று முன்கூட்டியே பாருங்கள்.

3. எவ்வளவு குறைக்க வேண்டும்: எண்ணாகத் தெரிய வேண்டும்

1,800 சதுர அடியிலிருந்து 600க்குப் போகிறவர் மூன்றில் ஒரு பங்கு சாமானை வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பார். கணக்கு அப்படி வராது. தரை மூன்றில் ஒன்றானாலும் சாமான் அறை, பரண், படிக்கட்டின் அடி, கார் ஷெட், இவை முழுதாக மறைந்துவிடும். பழைய வீட்டின் ஒவ்வொரு அலமாரி, தட்டு, பரணையும் அகலம், உயரம், ஆழம் மீட்டரில் அளந்து பெருக்கிக் கூட்டுங்கள். 1.2 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம், 0.6 மீட்டர் ஆழம் உள்ள அலமாரி 1.44 கன மீட்டர். புது வீட்டுக்கும் அதேபோல. பழையதில் 24, புதியதில் 5 என்று வந்தால் ஐந்தில் ஒன்றுதான் வரும். இந்த எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதிப் பழைய வீட்டுச் சமையலறைக் கதவில் ஒட்டுங்கள். கணவன் மனைவி வாக்குவாதத்தில் பாதி இதிலேயே அடங்கும், ஏனென்றால் இப்போது மறுப்பது நாடா.

புத்தகத்துக்கும் துணிக்கும் தனிக் கணக்கு. சராசரி 2.5 செ.மீ. தடிமன் என்று வைத்தால் ஒரு மீட்டர் தட்டில் 40 புத்தகம். 800 புத்தகத்துக்கு 20 மீட்டர் தட்டு. தொங்கவிடும் கம்பியில் ஒரு மீட்டருக்கு 30 முதல் 40 மெல்லிய உடைகள், தடித்த மேலங்கி என்றால் அதில் பாதி.

இடமே இல்லையென்று வாடகைக் கிடங்கில் போட்டுவைக்கும் யோசனை எல்லோருக்கும் வரும். ஒரு வருட வாடகையை ஒரு பக்கமும் உள்ளே போகப்போகிற சாமானின் இன்றைய விற்பனை விலையை மறுபக்கமும் எழுதிப் பார்த்தால் பல சமயம் யோசனை அங்கேயே முடிந்துவிடும். வேறு வழியில்லை என்றால் ஆறு மாதத்துக்கு மேல் ஒப்பந்தம் போடாதீர்கள்.

4. ஒழித்தல்

வரிசை முக்கியம். குளியலறை, மருந்துப் பெட்டி, பாத்திரம், படுக்கை விரிப்பு, கருவிகள், துணி, புத்தகம், காகிதம், கடைசியில் புகைப்படமும் கடிதமும். மனசு ஒட்டாத பொருளில் தொடங்கினால் முடிவெடுக்கும் பழக்கம் கைக்கு வரும். ஆல்பத்தில் தொடங்கியவர் அன்றைக்கு வேறு எதையும் தொடமாட்டார். ஒரு நாளுக்கு இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் தரம் பிரிக்காதீர்கள். களைத்த மனம் ஒன்று எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளும், அல்லது எல்லாவற்றையும் தூக்கிப்போடும்.

அறை அறையாகச் செய்யாமல் இனம் இனமாகச் செய்யுங்கள். வீட்டிலுள்ள கத்தரிக்கோல் அத்தனையும் ஒரே மேசையில் கொட்டினால்தான் பதினொன்று இருப்பது தெரியும். சமையலறையில் மூன்றும் மேசை இழுப்பறையில் இரண்டும் தனித்தனியாக இருக்கும்வரை ஒவ்வொன்றும் தேவையாகவே தோன்றும்.

குவியல்கள் நான்கு: வருவது, பிள்ளைகளுக்கும் உறவுக்கும் போவது, விற்பது அல்லது கொடுப்பது, குப்பை. ஐந்தாவதாகச் "சந்தேகம்" என்று ஒரு பெட்டி அனுமதிக்கலாம். ஆளுக்கு ஒன்று, 50 லிட்டருக்கு மேல் இல்லாமல், மூடி ஒட்டித் தேதி எழுதியது. ஒன்று நிறைந்துவிட்டால் புதிதாக ஒன்று போட உள்ளே இருப்பதில் ஒன்று வெளியே வர வேண்டும்.

வெளியூரில் வேலைக்குப் போன பிள்ளைகளின் சாமான் ஒரு தனி அறையையே அடைத்திருக்கும். கொட்டாதீர்கள், காத்துக்கொண்டும் இருக்காதீர்கள். ஒவ்வொன்றையும் படமெடுத்து அனுப்பி, எடுத்துக்கொள்ள ஆறு வார அவகாசமும் அதன் பிறகு என்ன நடக்கும் என்பதையும் எழுத்தில் சொல்லுங்கள். பெரிய மரச்சாமானைப் பிள்ளைகள் வேண்டாம் என்றால் வருத்தப்பட வேண்டாம், அவர்கள் வீட்டிலும் சுவர் அளவுதான் இருக்கிறது.

வருடத்தில் இரண்டு நாள் எல்லோரும் வந்து தங்குவார்கள் என்று பத்துப் பேருக்கான படுக்கையும் பாத்திரமும் வைத்துக்கொள்வது சின்ன வீட்டைக் கிடங்காக்கும். இருவர் படுக்கும் மடக்கு சோபா ஒன்று, கூடுதலாக இரண்டு மெத்தை விரிப்பு, ஆறு பேருக்குத் தட்டு. அதற்கு மேல் வந்தால் அக்கம்பக்கத்தில் அறை எடுக்கலாம்.

5. காகிதமும் படமும்

சொத்துப் பத்திரம், உயில், பிறப்பு மற்றும் திருமணச் சான்றிதழ், காப்பீட்டு ஒப்பந்தம், ஓய்வூதிய ஆவணம் ஆகியவற்றின் மூலத்தை வைத்திருக்க வேண்டும். இவை ஒரு கோப்பில், நீர்புகாத தீத்தாங்கும் பெட்டியில், லாரியில் ஏறாமல் உங்கள் கையோடு வர வேண்டும். மற்ற ரசீதுகளை 300 டி.பி.ஐ.யில் (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற அளவு) ஸ்கேன் செய்து, வரிச்சட்டம் சொல்லும் காலம் முடிந்தவற்றை நறுக்கிப் போடுங்கள்.

அச்சிட்ட புகைப்படத்துக்கு 600 டி.பி.ஐ. வேண்டும், நெகட்டிவுக்கு 2,400க்குக் குறையக் கூடாது. ஒலிநாடாவும் வீடியோ கேசட்டும் இருந்தால் அவற்றை முதலில் மாற்றுங்கள். காந்த நாடா ஆண்டுக்கு ஆண்டு மங்குவது, ஓட்டிப்பார்க்கும் கருவியும் அரிதாகிவிட்டது. ஸ்கேன் செய்தது மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, அதில் ஒன்று வேறு வீட்டில். ஒரே ஹார்டு டிஸ்கில் வைத்துவிட்டு மூலத்தைத் தூக்கிப்போடுவது மிக மோசமான தவறு. படத்துக்குப் பின்னால் யார், எந்த வருடம் என்று மென்பென்சிலில் எழுதிய பிறகு ஸ்கேன் செய்யுங்கள், மை பேனா மறுபக்கம் ஊறும். வைத்துக்கொள்ளும் மூலப் படங்களைப் புது வீட்டின் பரணிலும் வைக்காதீர்கள், தரையிலும் வைக்காதீர்கள். வீட்டின் நடுவே, இடுப்பளவு உயரத்தில் உள்ள உள்சுவர் அலமாரிதான் வெப்பமும் ஈரமும் குறைந்த இடம்.

6. வெளியேற்றுதல்

நன்றாக விற்கும் பத்துப் பதினைந்து பொருளை மட்டும் விலை கேட்டு விற்றுவிட்டு மற்றதைக் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பேரம் பேசப் போனால் ஐந்தாம் மாதம் அதற்கே போய்விடும்.

காலாவதி மருந்தைக் கழிவறையில் ஊற்றாதீர்கள். புது வீட்டில் இது இன்னும் முக்கியம்: ஆன்டிபயாட்டிக்கும் கிருமிநாசினியும் செப்டிக் டேங்கில் கழிவைச் செரிக்கும் பாக்டீரியாவைக் கொல்லும். பழைய பெயிண்ட், பேட்டரி, பாதரசம் உள்ள குழல்விளக்கு மூன்றையும் தனியாக வாங்கும் கழிவு மையத்தில் சேர்க்க வேண்டும். கணினியையும் கைபேசியையும் கொடுக்கும் முன் உள்ளே உள்ளதை அழியுங்கள். கோப்பை நீக்கினால் மட்டும் போதாது, முழுவதையும் ரீசெட் செய்ய வேண்டும்.

7. கிராமம் கேட்கும் சாமான்

இங்கேதான் நிறையப் பேரின் கணக்கு உதைக்கும். குறைத்துக் குறைத்து 5 கன மீட்டருக்குள் அடக்கிவிட்டு வந்த பிறகு ஏணி, மண்வெட்டி, புல்வெட்டும் மிஷின், தண்ணீர்க் குழாய், மழைக் கோட்டும் காலணியும், டார்ச், தீயணைப்பான், அவசர விளக்கு, உபரி மோட்டார் ஸ்டார்ட்டர் என்று ஒரு ஷெட் நிறையப் புதிதாகச் சேரும். ஆகவே ஷெட்டிலும் வெளி அலமாரியிலும் மூன்றில் ஒரு பங்கை முதலிலிருந்தே காலியாக விடுங்கள்.

கடை தூரம் என்பதால் சரக்கறையும் பெரிதாகும். சின்ன வீடு, ஆனால் இரண்டு வார மளிகை. சமையலறையில் பாத்திர அலமாரி ஒன்றைக் குறைத்து, அதை உணவுப்பொருளுக்கு ஒதுக்கத் திட்டம் போடுங்கள். எல்லாம் இறுக்கமான மூடியுள்ள கண்ணாடியிலோ தகரத்திலோ. சுண்டெலி 6 மி.மீ. இடைவெளியில் நுழைந்துவிடும், ஒரு பென்சில் நுழையும் ஓட்டை போதும். குழாய் சுவருக்குள் போகும் இடம் ஒவ்வொன்றையும் இரும்புக் கம்பளியால் அடைத்து மேலே சாந்து பூசுங்கள். வெறும் நுரை அடைத்தால் ஒரே இரவில் கடித்துவிடும்.

விறகு அடுப்போ எரிவாயு ஹீட்டரோ இருந்தால் கார்பன் மோனாக்சைடு எச்சரிப்பான் தூங்கும் இடத்துக்கு அருகில் கட்டாயம். புகைபோக்கியை வருடம் ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும், விறகின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும்.

8. கட்டுதலும் ஏற்றுதலும்

லாரி எவ்வளவு பெரியது என்று ஒப்பந்தக்காரர் கேட்கும் முன் நீங்கள் பாதையைச் சொல்லுங்கள்: கடைசி ஒரு கிலோமீட்டரின் மிகக் குறுகிய அகலம், தாழ்ந்த கம்பியின் உயரம், பாலத்தின் எடை வரம்பு, திரும்ப இடம், மழை பெய்தால் சேறு. வீடியோ எடுத்து அனுப்பினால் இன்னும் நல்லது. பெரிய லாரி முக்கில் நின்றுவிட்டால் சின்ன வண்டியில் நாலு நடை மாற்றி ஏற்ற வேண்டும், அன்றைக்கு அவர்கள் சொல்வதுதான் கூலி.

பெட்டி ஒன்று 15 கிலோவுக்கு மேல் வேண்டாம். புத்தகத்துக்குச் சின்னப் பெட்டி, தலையணைக்குப் பெரியது. தட்டுகளை அடுக்கி வைக்காமல் நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள், படுக்க வைத்தால் அடித்தட்டு மேலுள்ள எடையில் விரிசல் விடும். பெட்டியின் எண்ணையும் அறையின் பெயரையும் மூடியில் எழுதினால் அடுக்கிய பின் தெரியாது, இரண்டு பக்கச் சுவரில் எழுதுங்கள்.

ஃபிரிட்ஜை முந்தின நாளே அணைத்துப் பனியை உருக்கி உலர்த்துங்கள். நிமிர்த்தியே கொண்டுபோக வேண்டும். படுக்க வைக்க நேர்ந்தால், கம்ப்ரஸரின் எண்ணெய் குழாய்க்குள் ஏறியிருக்கும்; நிமிர்த்தி ஒரு நாள் விட்டு, பிறகு போடுங்கள். முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷினின் டிரம்மை இறுக்கப் போக்குவரத்து போல்ட் வேண்டும். வாங்கியபோது கழற்றி எங்கோ வைத்திருப்பீர்கள். கிடைக்காவிட்டால் அதே மாடலுக்கு முன்கூட்டியே வாங்கிவையுங்கள், போல்ட் இல்லாமல் கொண்டுபோனால் டிரம் தாங்கிகள் அடிவாங்கும். கேஸ் சிலிண்டர், பெட்ரோல், தின்னர், ஆசிட் எதுவும் சாமான் லாரியில் ஏறக்கூடாது. புல்வெட்டும் மிஷினின் டேங்கைக் காலி செய்யுங்கள்.

கடைசியாக ஏறி முதலில் இறங்க வேண்டிய ஒரு பெட்டி:

- படுக்கை விரிப்பு, துண்டு, ஒரு நாள் மாற்றுத்துணி
- அன்றாட மருந்து ஒரு வாரத்துக்கு, முதலுதவிப் பொருள்
- டார்ச், சார்ஜர், ஃபியூஸ், இன்சுலேஷன் டேப்
- ஸ்க்ரூடிரைவர், ஸ்பேனர், கட்டிலின் போல்ட்டுகள் உறையிலிட்டு
- 20 லிட்டர் குடிநீர், கெட்டில், இரண்டு குவளை
- கழிவறைக் காகிதம், சோப்பு, குப்பைப் பை

காலி வீட்டுக்குக் காப்பீடு தொடர்ந்து செல்லுமா என்று பாருங்கள். பல ஒப்பந்தங்களில் குறிப்பிட்ட நாட்களுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால் காப்பு சுருங்கும். இரண்டு வீட்டையும் சில வாரம் சேர்த்து வைத்திருப்பவர் இதை மறக்கக்கூடாது.

9. முதல் மாதங்கள்

இறக்கியதும் கட்டில், திரைச்சீலை, ஃபிரிட்ஜ், கழிவறை. மற்றவை மெதுவாக. முதல் நாளே பூட்டுகளை மாற்றுங்கள், மெயின் ஸ்விட்சும் தண்ணீர் வால்வும் எங்கே என்று வீட்டில் உள்ள இருவருக்கும் தெரிய வேண்டும்.

வெளிச்சுவரை ஒட்டி எதையும் வைக்காதீர்கள். 5 முதல் 10 செ.மீ. இடைவெளி வேண்டும். அலமாரிக்குப் பின்னால் காற்று ஓடாவிட்டால் சுவர் குளிர்ந்து, அறையின் ஈரம் அதன்மேல் படிந்து, முதல் மழைக்காலத்தின் முடிவில் அலமாரியின் முதுகில் கறுப்புப் புள்ளி தெரியும். அலமாரியை ஆறு வாரத்துக்கு ஒருமுறை நகர்த்தி டார்ச் அடித்துப் பாருங்கள்.

வாஷிங் மெஷினை ஒரே நாளில் நாலு முறை போடாமல் வாரம் முழுக்கப் பிரித்துப் போடுங்கள். ஒரே நேரத்தில் வெள்ளமாய் இறங்கும் தண்ணீர் செப்டிக் டேங்கில் படிந்திருக்கும் கசடைக் கிளறி உறிஞ்சுகுழிக்குத் தள்ளிவிடும். ஈரத்துடைப்பான் (வெட் வைப்), எண்ணெய், காபித் தூள் எதுவும் கழிவுக்குழாயில் போகக் கூடாது. பெட்டியில் "கரையும்" என்று போட்டிருந்தாலும் துடைப்பான் கரையாது.

சுவரில் ஆணியடித்து நிலையான தட்டுகள் போட மூன்று மாதம் பொறுங்கள். வெயில் எந்த ஜன்னலில் எப்போது விழுகிறது, மழை எந்தக் கதவில் அடிக்கிறது, கை எந்தப் பக்கம் ஸ்விட்சைத் தேடுகிறது என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். பழைய வீட்டுப் பழக்கத்தில் போட்ட தட்டு பாதியை மறுபடி கழற்ற வேண்டி வரும்.

குடியேறிய ஆறாம் மாத முடிவில் "சந்தேகம்" பெட்டிகளைத் திறக்காமல், உள்ளே என்ன இருக்கிறது என்று ஆளுக்கு ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு திறந்து, எழுதியவற்றுக்கு மட்டும் ஒரு சுவரைக் காட்டுங்கள். மற்றதைக் கொடுத்துவிட்டு, காலி அட்டைப் பெட்டியையும் அன்றே வெளியேற்றுங்கள். ஷெட்டின் மூலையில் "எதற்காவது ஆகும்" என்று மடித்து வைத்தால், அடுத்த வாரமே அதில் சுண்டெலிக் குடும்பம் குடியேறியிருக்கும்.